“தைரியமா இருங்க” என்பதைத் தாண்டி: சிகிச்சையில் இருந்துகொண்டே மற்ற நோயாளிகளுக்கு உதவுவது எப்படி?

தூவானம் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எனக்கு நான்காம் ஸ்டேஜ் கேன்சர் (உடம்பில் வேறு இடங்களுக்கும் பரவிவிட்டது), நோயைக் கட்டுக்குள் வைக்கும் சிகிச்சை நடக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றுகிறார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். கேன்சர் என்று புதிதாகத் தெரிந்து வருகிறவர்களிடம் பேசும் தன்னார்வலர் குழுவில் சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். விருப்பம் இருக்கிறது. சேரும் முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று இந்தப் பதிவு.

முதலாவது, “மனசை பாசிட்டிவா வெச்சுக்கிட்டா நோய் தானா போயிடும்” என்று பார்க்கிற எல்லோரும் சொல்கிறார்கள். இதற்கு ஆதாரம் உண்டா? அப்படியானால் மனசு சோர்ந்துபோகிற நாட்களில் நோயை நானே வளர்த்துவிடுகிறேனா?

இரண்டாவது, மருந்து ஏற்றிய நான்காம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. ஸ்கேனுக்கு முந்தைய வாரம் தூக்கம் போய்விடுகிறது. நடைமுறையில் என்ன செய்யலாம்?

மூன்றாவது, புதிய நோயாளியின் எதிரில் உட்கார்ந்தால் என்ன பேசுவது, எதைப் பேசவே கூடாது? பழகியவர் இறந்துபோனால்?

ஆறுதல் வார்த்தை நிறையக் கிடைக்கிறது. எனக்கு வேண்டியது செய்முறை.

---

செவிசாய் எழுதியது (புற்றுநோய்ப் பிரிவில் மனநல ஆலோசகர்):

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: நீங்கள் அழுவதால் கட்டி வளர்வதில்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து வலுப்பெற்றது என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கே நிம்மதி வரும். 1989-இல் டேவிட் ஸ்பீகல் குழுவினர் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோய் பரவிவிட்ட 86 பெண்கள். வாராவாரம் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் சராசரியாக 36.6 மாதமும், கூடாதவர்கள் 18.9 மாதமும் வாழ்ந்தார்கள் என்றது அது. உலகமே பிடித்துக்கொண்டது. பிறகு 2001-இல் கனடாவில் பமீலா குட்வின் குழு 235 பெண்களை வைத்து இதைச் சோதித்தபோது ஆயுள் நீளவில்லை. 2007-இல் ஸ்பீகலே மறுபடி செய்த ஆய்விலும் ஒட்டுமொத்தமாக ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. அதே ஆண்டு ஜேம்ஸ் கோய்ன் குழு தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 1,093 பேரின் பதிவுகளைப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் இருந்த மனநிலைக்கும் எத்தனை நாள் வாழ்ந்தார்கள் என்பதற்கும் தொடர்பே கிடைக்கவில்லை.

ஆனால் குட்வினின் ஆய்வில் இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. குழுவில் கலந்துகொண்டவர்களுக்கு மனச்சோர்வும் வலி உணர்வும் குறைந்தன. தொடக்கத்தில் அதிகம் துவண்டிருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். நீங்கள் சேரப்போகும் குழு தரக்கூடியது இதுதான். தன்னார்வலராக உட்காரும்போதும் இந்த அளவுக்கு மேல் ஒரு வாக்குறுதியும் தராதீர்கள்.

புற்றுநோயாளிகளின் மனநலம் என்ற துறைக்கே அடித்தளம் போட்ட ஜிம்மி ஹாலண்ட், “பாசிட்டிவாக இரு” என்ற வற்புறுத்தலை ஒரு கொடுங்கோன்மை என்றே கண்டித்தார். காரணம் எளிது. நோய் திரும்பினால் “நான் சரியாக நினைக்கவில்லை” என்று பழியையும் நோயாளியே சுமக்க வேண்டியதாகிறது. அதைவிட மோசம், டாக்டர் கேட்கும்போதுகூட “நல்லா இருக்கேன்” என்று சிரித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வலி, தூக்கமின்மை, சோர்வு எதுவும் பதிவாவதில்லை. பதிவாகாததற்கு மருந்து கிடைக்காது.

எனவே மனதையும் காய்ச்சல் மாதிரி அளந்து வையுங்கள். 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல்: 0 என்றால் மன உளைச்சலே இல்லை, 10 என்றால் தாங்க முடியாதது. கடந்த ஒரு வாரத்தை நினைத்து ஓர் எண்ணைக் குறியுங்கள். பக்கத்திலேயே அதற்கு முக்கியக் காரணம் என்னவென்று (வலி, பணம், பிள்ளைகள், தூக்கம், பயம்) இரண்டு சொல்லில் எழுதுங்கள். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சைக் குழுவிடம் சொல்ல வேண்டும். மையங்களில் பயன்படுத்துகிற வழக்கமான எல்லைக்கோடு அது. இதோடு இரண்டு கேள்வி: கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போனதா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? இதில் ஒன்றுக்காவது “பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்” என்பது பதிலானால், முறையாகப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மனச்சோர்வு நோய்க்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன. மாத்திரை முழுதாக வேலை செய்ய சில வாரம் ஆகும், பத்து நாளில் “பலிக்கவில்லை” என்று நிறுத்திவிடக் கூடாது.

மருந்து விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு பேராக்ஸெடின், ஃப்ளூஆக்ஸெடின் போன்ற சில மனச்சோர்வு மருந்துகள் ஒத்துவராது. கல்லீரலில் டாமாக்சிஃபெனை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றும் நொதியை அவை தடுக்கின்றன. வேறு மருந்து இருக்கிறது, எழுதுகிறவருக்கு உங்கள் கேன்சர் மருந்தின் பெயர் தெரிந்தால் போதும். இன்னொன்று, “மூலிகைதானே” என்று மன உற்சாகத்துக்காக வாங்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். இரினோடெகான் கீமோவோடு இதை எடுத்தபோது ரத்தத்தில் அந்த மருந்தின் வீரியமுள்ள பகுதி 42 விழுக்காடு குறைந்தது என்று ஒரு சிறிய ஆய்வு காட்டியது. மனசு தேறும் என்று வாங்கிய மாத்திரை கீமோவைக் காலி செய்துவிடும்.

ஸ்கேன் பயத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். நான்காம் நாள் அழுகைக்கு நர்ஸ் யாராவது பதில் சொன்னால் பொருத்தம், அதில் மனசைவிட மருந்தின் வேலைதான் அதிகம் என்று சந்தேகிக்கிறேன்.

---

பகல்ஷிப்ட் எழுதியது (கீமோ வார்டு நர்ஸ்):

சந்தேகம் சரிதாங்க. தூவானம், உங்க மருந்துச் சீட்டுல டெக்ஸாமெத்தசோன் இருக்கான்னு பாருங்க. குமட்டலுக்காகவும் அலர்ஜி வராம இருக்கவும் கீமோ அன்னைக்கும், பல பேருக்கு அடுத்த ரெண்டு மூணு நாளும் கொடுக்கிற ஸ்டீராய்டு அது. சாப்பிடுற நாள்ல துறுதுறுன்னு இருக்கும், பசிக்கும், ராத்திரி தூக்கம் வராது. நிறுத்தினதும் உடம்பு வலி, அசதி, அழுகை, எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரும். ஓரிரு நாள்ல தானா மேல வந்துடும். நாலாம் நாள்னு நீங்க சொல்றது இந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்துது.

என்ன செய்யலாம்? மாத்திரையைக் காலையில சாப்பாட்டோட போடுங்க. ரெண்டு வேளைன்னு எழுதியிருந்தா ரெண்டாவதை மதியத்துக்குள்ள முடிச்சுக்கலாமான்னு கேளுங்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டா அன்னைக்குத் தூக்கம் போச்சு. நீங்களா குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. ரெண்டு சுற்றுக்கு ஒரு சின்ன நோட்டுல நாள், மாத்திரை, தூங்கின மணி, மனசு எண் (மேல சொன்ன 0–10) நாலையும் எழுதிட்டு வந்து டாக்டர்கிட்ட காட்டுங்க. அளவைக் குறைக்கிறதா, படிப்படியா நிறுத்துறதா, வேற குமட்டல் மருந்துக்கு மாத்துறதான்னு அவங்க அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணிடுவாங்க. வெறுமனே “மனசு சரியில்ல”ன்னு சொன்னா அந்த அஞ்சு நிமிஷம் ஆறுதல்லயே போயிடும்.

மனசுப் பிரச்சினை மாதிரி வேஷம் போடுற வேற சிலதும் இருக்கு. நான் முதல்ல தேடுறது மெட்டோக்ளோப்ரமைடு. குமட்டலுக்குக் கொடுக்கிற மாத்திரை. சிலருக்கு இதைப் போட்ட சில மணி நேரத்துல இல்ல சில நாள்ல உள்ளுக்குள்ள ஒரு பரபரப்பு வரும். ஒரு இடத்துல உட்கார முடியாது, கால் தானா ஆடும், எழுந்து எழுந்து நடப்பாங்க. வீட்ல “டென்ஷன் ஆகாதீங்க”ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. அது டென்ஷன் இல்ல, மருந்தோட பக்க விளைவு. போன் பண்ணிச் சொன்னா மாத்திடுவாங்க, சரியாகிடும். இன்னொரு குமட்டல் மருந்தான புரோகுளோர்பெரசினும் இதே வேலையைச் செய்யும்.

இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்தியைத் தூண்டி கேன்சரைத் தாக்க வைக்கிற சிகிச்சை) எடுக்கிறவங்களுக்கு தைராய்டு சுரப்பு குறையலாம். சோர்வு, குளிர் தாங்காம இருக்கிறது, மலச்சிக்கல், மந்தம். பார்க்க அப்படியே மனச்சோர்வு மாதிரியே இருக்கும். டி.எஸ்.எச்.ங்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை போதும் கண்டுபிடிக்க. ஹீமோகுளோபின் குறைஞ்சாலும் இதே களைப்புதான். எலும்புல பரவினவங்க திடீர்னு குழப்பமா பேசினா, ரொம்ப தாகம், வாந்தி, மலச்சிக்கல்னு சேர்ந்து வந்தா, ரத்தத்துல கால்சியம் ஏறியிருக்கலாம். அது அவசரம், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

வலியைப் பத்தி ஒண்ணு. வலி வந்த பிறகு மாத்திரை தேடுறவங்க நாள் முழுக்க வலியைத் துரத்திக்கிட்டே இருப்பாங்க. மணிக்கணக்குப்படி போடச் சொன்ன மாத்திரையை வலி இல்லாட்டியும் அந்த மணிக்குப் போடணும். இடையில குத்துற வலிக்குத் தனியா ஒரு டோஸ் எழுதிக் கொடுப்பாங்க. அது அடிக்கடி தேவைப்பட்டா எத்தனை தடவைன்னு எழுதிட்டு வாங்க, அடிப்படை அளவை மாத்துவாங்க. மார்ஃபின்னா கடைசி கட்டம்னு இன்னும் நம்புறாங்க. வலி எவ்வளவுங்கிறதை வெச்சு கொடுக்கிற மருந்து அது, எத்தனை நாள் இருக்குங்கிறதை வெச்சு இல்ல. கூடவே மலமிளக்கியும் முதல் நாள்ல இருந்தே வேணும். மலச்சிக்கலாலதான் பாதிப் பேர் மார்ஃபினை விட்டுட்டு மறுபடி வலியில கிடப்பாங்க.

பேலியேட்டிவ் கேர் டீமை (வலி, மத்த கஷ்டங்களைக் குறைக்கிற டீம்) பார்க்கச் சொன்னா பயந்துடாதீங்க, புது நோயாளிக்கும் இதை எடுத்துச் சொல்லுங்க. 2010-ல ஜெனிஃபர் டெமல் குழு, பரவின நுரையீரல் புற்றுநோய் 151 பேர்ல ஒரு பகுதியினருக்கு நோய் தெரிஞ்ச உடனேயே அந்த டீமோட பார்வையையும் சேர்த்துக் கொடுத்தாங்க. அவங்களுக்கு மனச்சோர்வு குறைவா இருந்துச்சு. நடு ஆயுட்காலமும் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 11.6 மாசம், மத்தவங்களுக்கு 8.9. சிகிச்சையை நிறுத்திட்டுப் போற இடம் இல்ல அது, சிகிச்சையோட சேர்ந்தே நடக்கிறது.

அசதிக்குப் படுத்தே கிடந்தா அசதி கூடும். வாரம் மூணு நாள், 30 நிமிஷம், பேச முடியும் ஆனா பாட முடியாதுங்கிற வேகத்துல நடை. ரெண்டு நாள் லேசான எடைப் பயிற்சி. இந்த அளவு செஞ்சவங்களுக்குப் பதட்டம், சோர்வு, அசதி மூணுமே குறையுதுன்னு அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2019-ல வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. ஒரேயடியா ஆரம்பிக்காதீங்க, 5 நிமிஷம், 10 நிமிஷம்னு ஏத்துங்க. காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தா அன்னைக்கு வேண்டாம். எலும்புல பரவியிருந்தா எடை தூக்கவும் முறுக்கித் திரும்பவும் முதல்ல கேட்டுக்கணும்.

சம்பந்தமில்லாத மாதிரி இருந்தாலும் இதையும் எழுதிடறேன், ஏன்னா வார்டுல நீங்க பேசப்போற புதுசு பல பேருக்கு இது தெரியாது. கீமோ எடுக்கிறவங்களுக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டா ராத்திரி எத்தனை மணியானாலும் உடனே போன். கிருமியை எதிர்க்கிற வெள்ளை அணு ரொம்ப இறங்குறது பெரும்பாலும் கீமோ ஏத்தின 7-ல இருந்து 14-ம் நாளுக்குள்ள. பாராசிட்டமால் போட்டுட்டுக் காலையில பார்க்கலாம்னு படுத்தா எண் மறைஞ்சுடும், கிருமி மறையாது.

---

செவிசாய் எழுதியது:

பகல்ஷிப்ட்டுக்கு நன்றி. இனி ஸ்கேன் வாரம்.

பயத்தில் பாதி, ரிசல்ட்டைப் பற்றிய பயம். மீதி, ரிசல்ட் எப்போது, யார் வழியாக, எந்த நிலையில் வரும் என்று தெரியாத பயம். பின்னதைக் கையாள முடியும். ஸ்கேனுக்குத் தேதி வாங்கும்போதே மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும், டாக்டர் சொல்வாரா அல்லது முதலில் போனில் வந்துவிடுமா, பார்க்கப் போகும்போது கூட யார் வருவது. ரிப்போர்ட் போனுக்கு நேரடியாக வரும் என்றால், டாக்டரைப் பார்க்கும் நாள்வரை திறப்பதில்லை என்றோ, பகலில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் திறப்பது என்றோ முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தனியாகத் திறந்து, “சற்றே தடித்த” என்ற சொல்லைத் தேடுபொறியில் போட்டு விடியும்வரை படித்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரான ரேடியாலஜிஸ்ட் தயங்கி எழுதும் நடையே அப்படித்தான் இருக்கும். பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் அதற்குப் பொருள்.

கவலைக்கு நேரம் ஒதுக்குங்கள். தினமும் ஒரே வேளை, 20 நிமிடம், படுக்கையறைக்கு வெளியே, தூங்கப் போவதற்கு இரண்டு மணி நேரமாவது முன்னால். தாளை நடுவில் மடித்து இடப்பக்கம் நானோ வேறு யாரோ ஏதாவது செய்யக்கூடியவை, வலப்பக்கம் யாராலும் செய்ய முடியாதவை. இடப்பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் அடுத்த படி ஒன்றை எழுதுங்கள் (யாரைக் கேட்பது, எப்போது). வலப்பக்கத்தை எழுதுவதோடு விடுங்கள். மற்ற நேரத்தில் கவலை தலைதூக்கினால் ஒரு சொல்லில் குறித்துவைத்து, “ஆறு மணிக்கு” என்று தள்ளிப்போடுங்கள். முதல் நான்கைந்து நாள் இது பலிக்காது, கவலை இன்னும் சத்தம் போடும்; அங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு தவறு, இதைப் படுக்கையில் படுத்துக்கொண்டே செய்வது. அப்புறம் படுக்கையைக் கண்டாலே கவலை வரும்.

தூக்கத்துக்கும் அதே கதைதான். 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் (கடிகாரம் பார்க்க வேண்டாம்) எழுந்து மங்கிய வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய்யுங்கள், கண் சொக்கும்போது திரும்பிப் போங்கள். எழும் நேரம் மாறக் கூடாது. பகல் தூக்கம் 30 நிமிடத்துக்குள், பிற்பகல் மூன்று மணிக்கு முன். கீமோ நாட்களில் இந்த விதியை உடல் மீறும், மீறட்டும். மற்ற நாட்களில் பிடித்துக்கொண்டால் போதும். ஸ்கேன் மேசையில் படுக்கும்போது மூச்சை நான்கு எண்ணி உள்ளே இழுத்து, ஆறு எண்ணி வெளியே விடுங்கள். அங்கே போய்ப் புதிதாகச் செய்தால் எடுபடாது. ஒரு வாரம் முன்பே தினம் ஐந்து நிமிடம் பழகியிருக்க வேண்டும்.

ஒவ்வொரு வலிக்கும் “பரவிவிட்டதோ” என்று உடம்பைத் தடவிப் பார்க்கும் பழக்கத்துக்கு ஒரு வேலி போடலாம். உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்: எது வந்தால் அன்றே அழைப்பது, எது இரண்டு வாரம் நீடித்தால் சொல்வது. அன்றே அழைக்கும் பட்டியலில், முதுகில் புதிதாகக் கடும் வலியோடு கால் பலமிழப்பதும் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவதும் கட்டாயம் இருக்கட்டும். தண்டுவடம் அழுத்தப்படுவதன் அறிகுறி அது. மணிக்கணக்கில் காத்திருந்தால் நடக்கும் திறன் போய்விடும். பட்டியலில் இல்லாத வலியை கவலை நேரத்துக்குத் தள்ளுங்கள்.

---

நடுவாசல் எழுதியது (நோயாளித் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தருபவர்):

மூன்றாவது கேள்வி என் பக்கம்.

நோயாளியே நோயாளியைப் பார்க்கப் போகும் முறை புதிதல்ல. மார்பக அறுவை செய்துகொண்ட டெரேஸ் லாசர் 1952-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ரீச் டு ரெகவரி’ இன்றைக்கும் பல நாடுகளில் நடக்கிறது. இப்படிப்பட்ட பல திட்டங்களில் சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆனவர்களைத்தான் எடுப்பார்கள். உங்களைப் போல் சிகிச்சை முடியாமல் தொடர்கிறவர்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது. நான் பார்ப்பது மூன்று விஷயம்: கடைசி இரண்டு ஸ்கேனில் நோய் நிலையாக இருக்கிறதா, மற்றவர் கதையைக் கேட்டு முடித்தபின் அன்று இரவு தூங்க முடிகிறதா, “இன்னைக்கு முடியாது” என்று கூச்சமில்லாமல் சொல்ல வருகிறதா. மூன்றாவது இல்லாதவர்தான் சீக்கிரம் நொடிந்துபோவார்.

முதல் சந்திப்பு 30, 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நோய் தெரிந்த அதிர்ச்சியில் இருப்பவருக்கு அதற்குமேல் எதுவும் பதியாது. போனதும் நின்றுகொண்டு பேசாதீர்கள், நாற்காலியை இழுத்து அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். “நானும் இதே சிகிச்சையில இருக்கேன். கொஞ்ச நேரம் பேசலாமா, இல்ல இன்னொரு நாள் வரட்டுமா?” என்று அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் அந்த நிமிடமே எழுந்துவிட வேண்டும். சரி என்றால், “டாக்டர் இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்காங்க?” என்று கேளுங்கள். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று இதில் புரிந்துவிடும்; தெரியாத ஒன்றை நீங்கள் போட்டு உடைக்காமலும் இருக்கலாம். அடுத்தது, “இப்ப எது ரொம்ப உறுத்துது?” பதில் பெரும்பாலும் நீங்கள் எதிர்பார்த்ததாக இருக்காது. சாவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துப் போனால், முடி கொட்டும்போது பிள்ளையிடம் என்ன சொல்வது என்று கேட்பார்.

அவர் அழுதால் அழட்டும். “அழாதீங்க” வேண்டாம், டிஷ்யூவை உடனே நீட்டுவதும் வேண்டாம். நிறுத்து என்று சொல்வதாக அவருக்குப் படும். கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தால் போதும். பத்து விநாடி மௌனம் உங்களுக்கு நீளமாகத் தோன்றும், அவருக்குத் தோன்றாது.

சொல்லக் கூடாதவை: எத்தனை நாள் என்ற கணக்கு, மருந்தின் அளவு, டாக்டர்களை ஒப்பிடுவது, எந்த மாற்று மருந்தின் பெயரும். கடைசியானது விளையாட்டில்லை. வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்தவர்களின் இறப்பு அபாயம் இரண்டரை மடங்கு என்று 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நோய் பரவும் முன்பே கண்டுபிடிக்கப்பட்டவர்கள் அவர்கள். “நான் இதைச் சாப்பிட்டேன், தேறிட்டேன்” என்று நீங்கள் சும்மா சொன்னதைக் கேட்டு ஒருவர் அடுத்த கீமோவுக்கு வராமல் போகலாம்.

“எனக்கும் உங்க மாதிரி ஆகிடுமா?” என்று கேட்பார்கள், எல்லோருமே கேட்பார்கள். ஆகும் என்பதும் பொய், தெரியாது என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது கதவைச் சாத்துவது. “ரெண்டு பேருக்கும் ஒரே பேர் நோயா இருந்தாலும் உள்ள இருக்கிற வகை வேற, மருந்து வேற. உங்களுக்கு எப்படின்னு டாக்டர்தான் சொல்ல முடியும். அவர்கிட்ட கேட்க வேண்டியதை இப்பவே எழுதிக்கலாமா?” என்று நகர்த்துங்கள். அந்தத் தாளில் மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணமா, கட்டுப்பாடா? பக்க விளைவில் எதற்கு உடனே அழைக்க வேண்டும், எந்த எண்ணுக்கு? வேறு வழி என்ன இருக்கிறது? மிக முக்கியமானது முதல் வரியில் இருக்கட்டும். கடைசியில் வைத்தால் டாக்டர் எழுந்து கதவருகில் போன பிறகுதான் கேட்பார்கள். பேசுவதைப் பதிவுசெய்யலாமா என்று அனுமதி கேட்கச் சொல்லுங்கள், வீட்டுக்குப் போனதும் பாதி மறந்துபோகும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றி நேராகக் கேட்கப் பயப்படாதீர்கள். நோய் தெரிந்த முதல் சில மாதங்களில் இந்த ஆபத்து கூடுதல். “எல்லாருக்கும் பாரமா இருக்கேன்”, “முடிஞ்சுட்டா தேவல” என்று காதில் விழுந்தால், “உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்றே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. ஆம் என்றால் தனியாக விட்டுவிட்டு வரக் கூடாது, நர்ஸையோ டாக்டரையோ அந்த இடத்துக்கே வரவழைக்க வேண்டும், வீட்டில் மாத்திரைகள் யார் கையில் இருக்க வேண்டும் என்று குடும்பத்தோடு பேசவைக்க வேண்டும். “யாருகிட்டயும் சொல்லாதீங்க” என்று அவர் கேட்டாலும் இந்த ஒன்றில் ரகசியம் கிடையாது. அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்களுக்கான வேலிகள்: ஒரே சமயத்தில் மூன்று பேருக்கு மேல் எடுக்காதீர்கள். சொந்த எண்ணைத் தராதீர்கள், குழுவின் எண் இருக்கட்டும். அழைக்கும் நேரமும் வரையறுத்திருக்கட்டும். உங்கள் நான்காம் நாளிலும் ஸ்கேன் வாரத்திலும் சந்திப்பு வைக்காதீர்கள். உங்களுடைய அதே நோய், அதே ஸ்டேஜ், அதே வயது உள்ளவரைத் தொடக்கத்தில் ஏற்காதீர்கள். அவருக்கு நடப்பதெல்லாம் உங்களுக்கு நடக்கப்போவதாகத் தெரியும்.

இறப்பு வரும். சேரும்போதே ஒருங்கிணைப்பாளரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்: செய்தியை யார் சொல்வது, போனிலா நேரிலா. வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு பார்த்துத் தெரிந்துகொள்வது மிக மோசமான வழி. ஓரிரு நாளில் மூத்த தன்னார்வலர் ஒருவரோடு உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள், புதிய ஆளை ஒரு வாரமாவது எடுக்காதீர்கள். “நான் இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாம்” என்ற எண்ணம் கட்டாயம் வரும். உங்கள் வேலை பக்கத்தில் இருப்பது, நோயை நிறுத்துவது உங்கள் வேலைப் பட்டியலிலேயே இருந்ததில்லை என்று அந்த மூத்தவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

---

தூவானம் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சீட்டைப் பார்த்துவிட்டேன், டெக்ஸாமெத்தசோன் இருக்கிறது, இரண்டாவது வேளை இரவு உணவுக்குப் பின் என்று போட்டிருக்கிறது. நாளை கேட்கிறேன்.

நடுவாசல், இரண்டு சந்தேகம். நோயாளிக்கு கேன்சர் என்று தெரியாது, சொல்லிவிடாதீர்கள் என்று குடும்பத்தார் வாசலிலேயே மறித்தால்? என் ஸ்டேஜை நான் சொல்ல வேண்டுமா?

---

நடுவாசல் எழுதியது:

முதலாவது அடிக்கடி நடக்கும். குடும்பத்தாரை எதிர்க்காதீர்கள், அவர்களும் பயத்தில்தான் கேட்கிறார்கள். “நானா எதையும் சொல்ல மாட்டேன். ஆனா அவரே நேரா கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன், டாக்டர்கிட்ட கேளுங்கன்னு சொல்வேன்” என்று அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இதற்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்ளே போகாதீர்கள். ஒருங்கிணைப்பாளரிடமும் நர்ஸிடமும் தகவலைச் சொல்லுங்கள், மீதி அவர்கள் பாடு. நோயாளிக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று சிகிச்சைக் குழுதான் கேட்டறிய வேண்டும். பல நேரம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். குடும்பத்தைக் காப்பாற்ற அவர் நடிப்பார், அவரைக் காப்பாற்ற குடும்பம் நடிக்கும்.

ஸ்டேஜை நீங்களாகச் சொல்ல வேண்டியதில்லை. “கட்டுப்பாட்டு சிகிச்சையில இருக்கேன்” என்பது உண்மை, போதுமானதும்கூட. கேட்டால் மறைக்காதீர்கள். ஆனால் ஆரம்ப ஸ்டேஜில் குணமாக்கும் சிகிச்சை எடுக்கிறவரிடம் நான்காம் ஸ்டேஜ்காரர் போனால் அவருக்கு அது ஆறுதலைவிட அச்சமாகவே முடியும், உங்களுக்கும் “முடிஞ்சதும் நிம்மதி” என்ற அவர் பேச்சு குத்தும். பரவிய நோயுள்ளவர்களையே உங்களுக்குத் தரச் சொல்லுங்கள். குழுக் கூட்டம் நடத்தினாலும் இப்படித்தான் பிரிக்க வேண்டும். ஆறு முதல் பத்து பேர், ஒன்றரை மணி நேரம், நடத்த இரண்டு பேர். ஒருவர் அழுது வெளியே போனால் இன்னொருவர் பின்னால் போக வேண்டுமே.

---

பகல்ஷிப்ட் எழுதியது:

ஒரு சின்ன சேர்க்கை. வார்டுக்குள்ள போறதுக்கு முந்தி உங்க கடைசி ரத்தப் பரிசோதனையில வெள்ளை அணு எவ்வளவுன்னு நர்ஸ்கிட்ட கேட்டுக்கோங்க. குறைவா இருக்கிற வாரம் போன்ல பேசுங்க. நேர்ல போனா மாஸ்க், உள்ள நுழையும்போதும் வெளிய வரும்போதும் கை சுத்தம். சளி, இருமல் உங்களுக்கு இருந்தாலும் அவங்களுக்கு இருந்தாலும் அன்னைக்குச் சந்திப்பு ரத்து. நாளைக்கு டெக்ஸாமெத்தசோன் பத்தி என்ன சொன்னாங்கன்னு இங்க எழுதுங்க, இதே சந்தேகம் நிறையப் பேருக்கு இருக்கும்.